எங்கே வலிக்கிறது என்று சொல்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ தினமும் மிலானில் லொரேட்டோ ஸ்டேஷனில் ரயில் மாறுகிறேன் என்றதும் எனக்கு அந்தக் காலத்து இத்தாலிய சைக்கிள் வீரர் லூயிஜி கன்னா ஞாபகம் வந்துவிட்டார். சொல்வதற்குள் "நல்லா இருக்கேன்ப்பா, வைக்கட்டுமா" என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

ஸ்டேஷனை விட்டு மேலே வந்தால் ஒரு பெரிய சதுக்கம் இருக்கிறதே, அங்கிருந்துதான் 1909 மே 13 அன்று விடியற்காலை 2.53 மணிக்கு இத்தாலியைச் சுற்றி வரும் முதல் ஜிரோ டிடாலியா சைக்கிள் பந்தயம் புறப்பட்டது. கிளம்பியவர்கள் 127 பேர். முதல் கட்டமே போலோனா வரை 397 கிலோமீட்டர், அதுவும் மண் சாலையில், கியர் மாற்றும் வசதி இல்லாத சைக்கிளில். அந்தக் காலப் படங்களைப் பார், உபரி டயரைப் பூணூல் மாதிரி தோளில் குறுக்கே மாட்டியிருப்பார்கள். பஞ்சர் ஆனால் தானே இறங்கி, தானே கழற்றி, தானே மாட்டி, அப்புறம் விட்ட தூரத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டும். எட்டுக் கட்டம், 2,448 கிலோமீட்டர், நேப்பிள்ஸ் வரை இறங்கி ரோம், ஃபிளாரன்ஸ், ஜெனோவா, டூரின் வழியாகத் திரும்பவும் மிலானுக்கு. முடித்தவர்கள் 49 பேர்தான். ஜெயித்தவர் கன்னா.

அவர் கொத்தனார், தம்பி. வரேஸே பக்கத்தில் இந்துனோ ஓலோனா என்ற ஊர், பிறந்தது 1883. கட்டட வேலைக்கு மிலானுக்குச் சைக்கிளிலேயே போய் வருவாராம், ஒரு நாளைக்குப் போக வர நூறு கிலோமீட்டர். நடுவில் நாள் முழுக்கக் கல்லும் சாந்தும். எனக்கு அந்தச் சாயங்காலச் சவாரிதான் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, சுண்ணாம்பு அரித்த கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு இருட்டில் வீடு திரும்புவது. பயிற்சி என்று அதற்கு அவர் பெயர் வைத்திருக்க மாட்டார்.

அந்த ஜிரோவில் நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை, எந்த இடத்தில் வந்தார்கள் என்பதற்குத்தான் புள்ளி, குறைந்த புள்ளிக்காரர் முதல். கன்னாவுக்கு 25, இரண்டாவதாக வந்த கலெத்திக்கு 27. நேரக் கணக்கு பார்த்திருந்தால் 40 புள்ளியோடு மூன்றாவதாக வந்த ரொஸ்ஸிஞ்ஞோலிதான் ஜெயித்திருப்பார், பாவம் அந்த மனிதர். ஆனால் மூன்று கட்டங்களில் முதலாவதாக வந்த கன்னாவை அதிர்ஷ்டத்தில் ஜெயித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. பரிசுப் பணம் 5,325 லிரா. பின்னால் தன் பெயரிலேயே சைக்கிள் செய்ய ஆரம்பித்தார். 1951இல் கன்னா அணிக்காக ஓட்டித்தான் ஃபியோரென்ஸோ மாஞ்ஞி ஜிரோவை ஜெயித்தார், கன்னா அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்.

நான் சொல்ல வந்தது வேறு. மிலானில் கடைசிக் கட்டம் முடிந்ததும், எப்படி இருக்கிறது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்களாம். தேசம், பெருமை என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்திருப்பார்கள். அவர் தன் ஊர்ப் பேச்சிலேயே, குண்டி எரியுது என்றாராம். அவ்வளவுதான். எனக்கு அந்த மனிதரை அதற்காகவே பிடிக்கும்.

நீ அம்மாவிடம் மட்டும் முதுகு வலிக்கிறது என்று சொன்னாயாம், அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொன்னாயாம். ராத்திரி ஹோட்டல் சமையலறையில் நின்றுவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு வலிக்காமல் எப்படி இருக்கும்? எனக்குக் கோபம் இல்லை. தெரியாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன். வலி எப்போது ஆரம்பித்தது, நிற்கும்போதா, படுக்கும்போதா, டாக்டரிடம் போனாயா, அதிலிருந்து பேசலாம்.

அன்புடன்,
அப்பா