வசந்தாவுக்கு, பேத்தியின் சொற்பட்டியல் பற்றி

கடலூர்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த பேத்தியின் சொற்பட்டியலும் கிடைத்தன. இங்கே எல்லாரும் நலம். முழங்கால் வலி மட்டும் மழை வந்தால் கூடவே வந்துவிடுகிறது. இவருக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. விளைவு, செய்தித்தாள் மத்தியானம் வரைக்கும் என் கைக்கு வருவதில்லை.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். பிள்ளை உழைத்திருக்கிறாள். ஆட்சிக்கவிழ்ப்பு, ஏகாதிபத்தியம், காலனி, நிலமானிய முறை என்று அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பொருள் எழுதியிருக்கிறாள். இதை மனப்பாடம் செய்தால் உலக வரலாற்றுத் தாளைச் சமாளிக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஒரு மதிப்பெண் கேள்விக்குச் சமாளிக்கலாம். அதைத் தாண்டி நிற்காது. அகர வரிசை அகராதிக்குச் சௌகரியம், படிக்கிறவளுக்கு எதிரி. ஒன்றோடொன்று உரசிப் பார்த்தால்தான் விளங்கும் சொற்களை அது பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டுவிடுகிறது. ‘காலனி’ ஒரு பக்கத்தில், ‘பாதுகாப்பு நாடு’ நாலு பக்கம் தள்ளி. இரண்டுக்கும் அவள் எழுதியிருப்பது ஏறக்குறைய ஒரே பொருள், ‘வேறு நாட்டின் ஆதிக்கத்தில் உள்ள பகுதி’. பாவம், அவள் என்ன செய்வாள், வழிகாட்டிப் புத்தகமே அப்படித்தான் போட்டிருக்கும்.

வரலாற்றுச் சொற்களில் பாதி, அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்ல, அல்லது மறைக்க, யாரோ தேர்ந்தெடுத்து வைத்த சொற்கள். அதனால் ஒரு சொல்லைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேட்கச் சொல். படை யாருக்குக் கீழே? வரிப்பணம் யார் கைக்குப் போகிறது? வழக்கை விசாரிப்பது யார்? இதைக் கேட்டுப் பழகினால் பொருளை உருப்போட வேண்டியதே இல்லை.

அவளுக்கு வட ஆப்பிரிக்காவை எடுத்துக் கொடு. துனிசியா, அல்ஜீரியா, மொராக்கோ மூன்றும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். மூன்றையும் ஆண்டது ஒரே பிரான்ஸ். ஆனால் மூன்றும் ஒரே வகை இல்லை.

அல்ஜீரியாவுக்குள் பிரெஞ்சுப் படை நுழைந்தது 1830இல். 1848இல் அதன் வடபகுதியை மூன்று மாவட்டங்களாக்கி, இது பிரான்சின் ஒரு பகுதியே என்று அறிவித்துவிட்டார்கள். பாரிஸ் உள்துறை அமைச்சகம்தான் அதைப் பார்த்துக்கொண்டது. ஐரோப்பியர்கள் போய்க் குடியேறி நல்ல நிலங்களைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவர்கள் எண்ணிக்கை பத்து லட்சம் அளவுக்கு வந்தது. நிலத்தைப் பிரான்ஸ் என்றார்கள், அதில் காலங்காலமாக வாழ்ந்த முஸ்லிம்களை முழுக் குடிமக்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கென்று தனிச் சட்டம், தனித் தண்டனை.

துனிசியாவில் 1881இலும் மொராக்கோவில் 1912இலும் உடன்படிக்கை போட்டுப் ‘பாதுகாப்பு நாடு’ ஆக்கினார்கள். பாதுகாப்பு என்றதும் பேத்தி நல்ல காரியம் என்று நினைத்துவிடப் போகிறாள்! துனிசியாவில் ‘பே’ என்று பட்டம் கொண்ட மன்னரும் மொராக்கோவில் சுல்தானும் அரியணையில்தான் இருந்தார்கள். உத்தரவுகள் அவர்கள் பெயரில்தான் வந்தன. ஆனால் படையும் வெளியுறவும் கஜானாவும் பாரிஸ் அனுப்பிய உயர் அதிகாரியான ரெசிடென்ட் ஜெனரலிடம். சொல்பேச்சு கேட்காத சுல்தானை 1953இல் தூக்கி முதலில் கோர்சிகாவுக்கும் பிறகு மடகாஸ்கருக்கும் அனுப்பினார்கள், ‘பாதுகாப்பு’ அந்த லட்சணம். ஆனாலும் அந்த ஒப்புக்கு வைத்த அரியணை கடைசியில் ஒரு வேலை செய்தது. பேச்சுவார்த்தை நடத்த எதிரே ஓர் அரசு இருந்தது. சுல்தான் 1955இல் திரும்பி வந்தார், அடுத்த வருஷம் மார்ச் மாதத்திலேயே மொராக்கோ, துனிசியா இரண்டும் விடுதலை பெற்றன. கலவரமும் சாவும் இல்லாமல் இல்லை, ஆனால் அல்ஜீரியாவோடு ஒப்பிட்டால் சீக்கிரம் முடிந்தது. ‘இது பிரான்சே’ என்று சொல்லி வைத்த அல்ஜீரியாவில் ஏறத்தாழ எட்டு வருஷம் ரத்தம் ஓடியது. நாட்டின் ஒரு பகுதியே என்று சட்டத்தில் எழுதி வைத்த இடத்தை எந்த அரசு லேசில் விடும்?

அந்தப் போருக்கு வைத்த பெயரையும் அவள் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு அரசு அதைப் போர் என்றே சொல்லவில்லை. ‘ஒழுங்கை நிலைநாட்டும் நடவடிக்கை’ என்றது. சொந்த நாட்டுக்குள் போர் எப்படி நடக்கும் என்பது அவர்கள் வாதம். 1999இல்தான் சட்டம் போட்டு ‘அல்ஜீரியப் போர்’ என்று ஒப்புக்கொண்டார்கள், எல்லாம் முடிந்து முப்பத்தேழு வருஷம் கழித்து.

உங்கள் பாண்டிச்சேரிக்காரிக்கு இதில் ஒரு பிடிப்பு இருக்கிறது, அதனால்தான் வட ஆப்பிரிக்காவைச் சொன்னேன். அந்தப் போர் தொடங்கிய நாள் 1954 நவம்பர் 1. பாண்டிச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியா கைக்கு வந்ததும் அதே நாள்தான். கீழூரில் அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்களே, அதை வைத்து நடந்த கைமாற்றம். ஆனால் அன்றைக்குச் சட்டப்படி புதுச்சேரி இந்தியா இல்லை! ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே மாதம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தராமல் இழுத்தது. அல்ஜீரியா விடுதலையானது 1962 ஜூலையில், நம் கதை சட்டப்படி முடிந்தது அதே வருஷம் ஆகஸ்ட் 16இல். ஒரு மூலையை விட்டுக்கொடுத்தால் மறுமூலையும் கேட்குமோ என்ற பயம் பாரிஸில் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆக ‘டி ஃபாக்டோ’, ‘டி ஜூரே’ இரண்டையும் எந்த அகராதியிலும் தேட வேண்டாம். ஆள்வது யார் என்பது முதலாவது, ஆளும் உரிமை சட்டப்படி யாருக்கு என்பது இரண்டாவது. இடையில் ஏறக்குறைய எட்டு வருஷம். உங்கள் தெருவில் இருந்த சொல்தா தாத்தாவை நினைத்துப் பார். பிரெஞ்சுப் படையில் அல்ஜீரியா வரைக்கும் போய் வந்தவர், பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கியவர். நாமெல்லாம் அவரிடம் சாக்லேட்டுக்காகத்தான் போனோம், கதை கேட்கத் தோன்றவில்லை. 1962இல் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்னும் உங்கள் பக்கத்தில் இருக்கின்றன. பேத்தி அவர்கள் வீட்டில் போய்ப் பேசி, பழைய காகிதங்களைக் காட்டச் சொல்லிப் பார்க்கட்டும். ‘முதன்மைச் சான்று’ என்று பட்டியலில் எழுதியிருக்கிறாளே, அது இப்படிப்பட்ட காகிதம்தான். ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து எழுதி வைத்த நாட்குறிப்பும் அதே வகை. வழிகாட்டிப் புத்தகம் அந்த வகை இல்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். போர்நிறுத்தமும் சமாதான உடன்படிக்கையும் வேறு வேறு. 1918 நவம்பர் 11இல் துப்பாக்கிதான் ஓய்ந்தது. ஜெர்மனியோடு போர் முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டது 1919 ஜூன் 28இல், வெர்சேல்ஸில். கொரியாவில் 1953 ஜூலையில் போர்நிறுத்தம் ஆனது, சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை.

புரட்சிக்கும் ஆட்சிக்கவிழ்ப்புக்கும் பிரான்ஸ் ஒன்றே போதும். 1789இல் நடந்தது முதலாவது, 1799 நவம்பரில் நெப்போலியன் செய்தது இரண்டாவது. 1917 அக்டோபரில் ரஷ்யாவில் நடந்தது எது என்று ஆசிரியர்களுக்குள்ளேயே சண்டை உண்டு, தேர்வில் ‘புரட்சி’ என்றே எழுதிவிடட்டும். அது நம் நாட்காட்டிப்படி நவம்பர் என்பதையும் ஒரு வரி சேர்த்தால் திருத்துகிறவர் சந்தோஷப்படுவார்.

‘ஆணைப்பகுதி’ என்ற சொல் முதல் உலகப் போருக்குப் பிறகு வந்தது. தோற்றவர்களின் நிலங்களை ஜெயித்தவர்கள் சும்மா எடுத்துக்கொண்டோம் என்று சொல்லக் கூசி, பன்னாட்டுச் சங்கத்தின் பெயரில் பொறுப்பேற்றதாகச் சொன்னார்கள். ஈராக் 1932இல் வெளியே வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவிடம் போன தென்மேற்கு ஆப்பிரிக்கா நமீபியாவாக விடுதலை பெற 1990 ஆகிவிட்டது. மூன்று கேள்வியை இதற்கும் அவளையே போட்டுப் பார்க்கச் சொல். நிலமானிய முறையை நான் தொடவில்லை, அது தனிக் கடிதத்துக்கு ஆகும்.

அப்புறம், சம்பந்தி வீட்டு விசேஷம் எந்தத் தேதிக்கு முடிவானது என்று எழுதவே இல்லையே நீ. பேருந்தில் வர என் முழங்கால் ஒத்துழைக்குமா தெரியவில்லை, இவர் காரில் அழைத்துப் போவதாகச் சொல்கிறார். கண் தெளிந்த தைரியம்! பேத்தியின் பாடத்திட்டத்தை மட்டும் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல். என் பழைய அட்லஸில் 1914 வரைபடமும் 1920 வரைபடமும் இருக்கின்றன. வரும்போது கொண்டு வருகிறேன், அவளே வைத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
கமலா