தரையில் தெரிந்த பலவீனம்

ஐயா,

புதிய விமானங்கள் சொன்ன தேதியில் பறப்பதில்லை என்று பலரும் குறைப்படுகிறார்கள். போயிங் 787-ஐ எடுத்துக்கொள்வோம். 2007 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் எவரெட் நகரில் உள்ள போயிங் தொழிற்சாலையில் அதை ஊருக்கே காட்டினார்கள். உண்மையில் அது பறக்கும் நிலையிலேயே இல்லை, பல இடங்களில் தற்காலிக ஆணிகள்தான். அந்த அவசரம் தவறு என்றே நினைக்கிறேன்.

ஆனால் 2009 ஜூனில் நடந்தது வேறு. இன்ஜின்களை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, முதல் பறப்புக்குச் சில நாட்களே பாக்கி. சோதனைக்கென்றே கட்டிய, பறக்கவே போகாத இன்னொரு விமானத்தின் இறக்கைகளைத் தரையில் வைத்து வளைத்துப் பார்த்ததில், இறக்கை உடலோடு சேரும் இடம் பலவீனமாக இருப்பது தெரிந்திருந்தது. பறப்பைத் தள்ளிப்போட்டார்கள். அந்த இடத்தைப் பலப்படுத்தி, நவம்பர் இறுதியில் மறுபடி வளைத்துப் பார்த்து, ஓடுபாதையில் ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் டிசம்பர் 15 அன்று மேலே ஏற்றினார்கள். அந்த ஆறு மாதத்தையும் சேர்த்துத் 'தாமதம்' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி இப்படிச் செய்தி வரும்போது, எந்தச் சோதனையில் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி