அக்காவின் பிறந்தநாள் சாப்பாட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

கொடைக்கானல்

அன்புள்ள ஊராருக்கும் மேல்மலை, கீழ்மலைச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

மறைந்த எங்கள் பெரிய அக்காவின் பிறந்தநாளன்று, தை மாதக் குளிரில், இருநூறு பேருக்குச் சூடாகச் சோறு போட முடிந்தது. சமுதாயக்கூடத்தில் நூற்றிருபது பேர், மேல்மலைக் குடியிருப்பில் எண்பது பேர். மைக்கில் பெயர் வாசித்துச் சால்வை போர்த்துவதில் அக்காவுக்கு நம்பிக்கை கிடையாது. யார் என்ன வேலை செய்தார்கள், அது நடக்காமல் இருந்தால் எது கெட்டுப்போயிருக்கும் என்று எடுத்துச் சொல்வதுதான் அவருடைய நன்றி. மலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர், கணக்கில்லாமல் பேசமாட்டார். நாங்களும் அந்த வழியிலேயே சொல்கிறோம்.

இறந்தவருக்குத் திதிதானே முறை, பிறந்தநாள் எதற்கு என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். திதி அதுபாட்டுக்கு நடந்தது. அது வீட்டுக் கடன். பிறந்தநாளில் ஊருக்குச் சோறு போடுவது அக்கா இருந்தபோதே வைத்திருந்த வழக்கம். அதை நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

முதல் நன்றி, பள்ளியில் அக்காவோடு வேலை பார்த்த சமையலர் அம்மாவுக்கும் உதவியாளர் அம்மாவுக்கும். கீழே வத்தலக்குண்டிலிருந்து வந்த சமையல் மாஸ்டர் கைதேர்ந்தவர். ஆனாலும் இந்த உயரத்தில் அடுப்பு வேறு கணக்கில் எரியும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,130 மீட்டர். காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வேகமாக வற்றுமே தவிர, சூடு அதற்கு மேல் ஏறாது. கீழே நன்றாக வேகும் துவரம்பருப்பு இங்கே நெடுநேரம் கொதித்தும் கரையாமல் நிற்பது இதனால்தான்.

இருநூறு பேர் சாம்பாருக்கு 5 கிலோ பருப்பு. அம்மாக்கள் இருவரும் அதை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, சிறு சிறு பங்காகக் குக்கரில் போட்டார்கள். குக்கரில் போட்டால் மலையும் சமவெளியும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. வெயிட் ஏற்றித் தரும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு சேர்ந்துதான் வேலை செய்யும். வெளிக்காற்றே மெலிந்திருப்பதால் உள்ளேயும் மூன்று நான்கு டிகிரி குறையும். கீழே மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து வைக்கவேண்டும். பருப்பு மசிந்த பிறகே புளிக்கரைசல் சேர வேண்டும் என்று அண்டாப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார்கள். புளி முந்திவிட்டால் பருப்பு இறுகிவிடும்; பிறகு அந்தியானாலும் வேகாது.

அரிசிக்கு அக்காவின் அளவு: பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம், பெரியவர் வரும் பந்திக்கு 125. ஆக 25 கிலோ. அதை ஒரே அண்டாவில் போடாமல் இரண்டாகப் பிரித்தது நல்லதாயிற்று. ஒன்றாகப் போட்டால் அடி குழையும், மேலே நறுக்கரிசியாக நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு ஐந்து பங்கு கொதிக்கிற உலையில் போட்டு வடித்தார்கள். இடையில் தண்ணீர் குறைந்தால் ஊற்றுவதற்கென்று தனி அடுப்பில் ஒரு தேக்சா வெந்நீர் கொதித்தபடியே இருந்தது. விடிகாலைக் குழாய்த் தண்ணீரை உலையில் ஊற்றினால் கொதி அடங்கிவிடும். மறுபடி எழுவதற்குள் அரிசியின் வெளிப்புறம் கரைந்து, நடு மட்டும் வேகாமல் நிற்கும். அந்தத் தேக்சாவைக் காலிசெய்யாமல் காத்த தம்பிக்கு நன்றி. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை, ஆனால் சோறு நின்றது அதில்தான்.

எரிவாயு உருளைகளைக் கொடுத்து உதவிய கடைக்காரருக்கும், பக்கத்திலேயே காவல் இருந்தவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். 19 கிலோ உருளை ஒன்றில் பெரிய அடுப்பு இரண்டை மாட்டினால், உள்ளே திரவம் வாயுவாக மாறும்போது உருளை தானாகவே குளிர்ந்துபோகும். தைக் குளிரும் சேர்ந்துகொண்டால் வெளியே பனி பூத்து, பாதி எரிவாயு மிச்சமிருக்கும்போதே தீ சுருங்கிவிடும். இரண்டு உருளைகளை ஒரே குழாயில் இணைத்துப் பாரத்தைப் பகிர்ந்து, அடியில் அகலத் தொட்டி வைத்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினார் காவல் இருந்தவர். கை பொறுக்கும் சூடு போதும். உருளையைச் சாய்ப்பதும் அடியில் தீ காட்டுவதும் உயிருக்கே உலை. யார் அவசரப்படுத்தினாலும் விடவில்லை அவர். வெந்நீர் அடுப்புக்கு விறகு கொடுத்த வீட்டுக்காரர், முந்தின நாளே பிளந்து தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்தார். பனியில் நனைந்த விறகு என்றால் புகையிலேயே பொழுது போயிருக்கும்.

குடிநீருக்கும் ஒரு வார்த்தை. கொதி வந்ததும் இறக்கிவிடக் கூடாது; 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடமாவது கொதிக்க விடவேண்டும். கடிகாரம் பார்த்து நின்ற பிள்ளைகளுக்கு நன்றி.

அக்காவுக்குப் பிடித்தது கேசரி. 3 கிலோ ரவை, 5 கிலோ சர்க்கரை, 9 லிட்டர் தண்ணீர். ஆவியாகப் போவதற்கு இங்கே இன்னொரு லிட்டர் கூட. ரவை முழுக்க வெந்து பொங்கும்வரை மூடிவைத்து, அதன் பிறகே சர்க்கரை. முன்னால் போட்டால் சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ரவை பச்சையாகவே தங்கிவிடும். இனிப்புக்காரர் அண்ணனின் யோசனை ஒன்று பலிக்கவே பலித்தது: நெய் முழுவதையும் ஊற்றாமல் பாதிக்குச் சூரியகாந்தி எண்ணெய். குளிரில் நெய் உறையும், கேசரி கட்டியாகிவிடும், எண்ணெய் உறையாது. வாசனைக்கு நெய்யைக் கடைசியில் ஊற்றினால் போதும். நெய்யே இல்லாத கேசரியை அக்கா கேசரி என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

காய்கறி பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் வந்தது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ். கேரட்டைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுத்த மகளிர் குழுத் தோழிகளால்தான் பொரியல் நேரத்துக்கு இறங்கியது. ரசத்துக்கு மலைப்பூண்டு, புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூண்டுக்குக் காரம் அதிகம், வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தே போட்டோம்.

தயிரைப் பற்றித்தான் பலரும் கேலி செய்தார்கள். பனியில் எங்கே உறையும் என்றார்கள். பால்காரர் வீட்டு ஆச்சி 12 லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் வழக்கத்தைவிட இரண்டு பங்கு உறைமோர் விட்டார். சின்னச் சின்னக் கிண்ணத்தில் பிரிக்காமல் ஒரே பெரிய பாத்திரத்தில் வைத்து, சாக்கு சுற்றி, வைக்கோலுக்குள் புதைத்து அடுப்படியில் விட்டார். பாத்திரம் பெரிதாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்காது. சூடு இறங்கிப்போனால் உறைய நேரமாகி, தயிர் நூல் விடும். மறுநாள் கரண்டியை நட்டால் நிற்கிற கெட்டியில் இருந்தது ஆச்சியின் தயிர்.

தாண்டிக்குடித் தோட்டத்து நண்பர் அனுப்பிய மலைவாழைப்பழத்தை வெளிக் கொட்டகையில் வைக்காமல், ஆள் படுக்கும் அறைக்குள் அடுக்கியவர்களுக்கும் நன்றி. 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைப்பழம் தோல் கறுத்து, பழுக்காமலே வீணாகும். இலையும் அப்படித்தான். கீழேயிருந்து ஏறிவந்த வாழையிலை குளிரில் விறைத்து, விரிக்கும்போதே நரம்போடு கிழியும். வெந்நீரில் நனைத்த துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்து இளக்கிய கல்லூரிப் பிள்ளைகளே, நீங்கள் இல்லாவிட்டால் பந்தியில் ரசம் மடியில்தான்!

மேல்மலைக்குச் சாப்பாடு கொண்டுபோன பிக்கப் ஓட்டுநர் அண்ணனுக்கு இரட்டை நன்றி. சாம்பாரையும் ரசத்தையும் பூட்டு மூடி உள்ள பால் கேன்களில், முக்கால் அளவுதான் ஊற்றச் சொன்னார். தளும்ப ஊற்றினால் வளைவில் மூடியையே தள்ளிக்கொண்டு வரும். கனமான சோற்று அண்டாக்கள் தரையோடு, கேபினை ஒட்டி, இடுக்குகளில் சாக்கு. வழியில் ஓரிடத்திலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. கீழேயிருந்து சொந்த வண்டியில் வந்த உறவினர்களுக்கு இ-பாஸ் எடுத்துக் கொடுத்த தம்பிக்கும், அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை என்று வயதானவர்களுக்குத் தெளிவாகச் சொன்னவருக்கும் நன்றி. தண்ணீர்ப் பாட்டில் ஒன்றுகூட வாங்காமல் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தது தெருவார். கழுவிய கைகள் எத்தனை என்று எங்களுக்குத் தெரியும்.

கடைசியில் எச்சிலிலை. இதை யாரும் நன்றிக் கடிதத்தில் எழுதமாட்டார்கள், அக்கா எழுதியிருப்பார். சாலையோரம் கொட்டினால் இரவே காட்டுமாடு வந்து நிற்கும், உப்பும் சோறும் தின்று பழகிவிட்டால் பிறகு தெருவை விட்டுப் போகாது. விடிகாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆபத்து. தூய்மைப் பணியாளர் அண்ணன்மார் இடுப்பளவு குழி தோண்டி, இலையைப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் மண்ணும் சாம்பலும் தூவி, முள்வேலியும் கட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டோம். அக்கா செய்திருப்பதும் அதுதான்.

பாத்திரம் பிரித்துக் கொடுத்ததில் ஒரு பாக்கி. பச்சைப் பெயின்டால் மூடியில் புள்ளி வைத்த தேக்சா இரண்டு, கைப்பிடியில் கம்பி சுற்றிய ஜல்லிக்கரண்டி ஒன்று, ஒரு சாம்பார் வாளி ஆகியவை எங்கள் வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தேக்சாவின் அடியைப் புளி போட்டுத் தேய்த்துவைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி, தங்கைகள்