கல்லாறு நிலையத்தின் கதையையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழையில் மண் சரிந்தால் மலை ரயில் ரத்து என்று செய்தி, சீசன் வந்தால் சிறப்பு ரயில் என்று செய்தி. இரண்டிலும் மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி என்ற மூன்று பெயர்கள்தான் வருகின்றன. மேட்டுப்பாளையத்தில் இருந்து 8 கிலோமீட்டரில் இருக்கும் கல்லாறு நிலையம் அதில் காணாமல் போவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

மலை ஏற்றம் அங்கேதான் ஆரம்பம். அதுவரை சாதாரண ரயில் மாதிரி வந்த வண்டி, கல்லாற்றில்தான் பல்சக்கரப் பாதைக்கு மாறுகிறது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி இருக்கும்படி போட்டிருப்பதால் இன்ஜினின் பல்சக்கரம் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது. இன்ஜின் பின்னால் இருந்து தள்ள, ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்தில் பெட்டிகள் மேலே போகின்றன, பக்கத்தில் பள்ளத்தாக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. எத்தனை முறை போனாலும் எனக்கு அந்த முதல் 'கடக்' சத்தத்தில் சிலிர்க்கும்.

இந்தப் பாதை லேசில் வந்ததும் இல்லை. 1854லேயே பேச்சு எழுந்தது, மேட்டுப்பாளையம் வரை ரயில் 1873ல் வந்தும் விட்டது, ஆனால் அதற்கு மேல் வண்டி கட்டித்தான் மலையேற வேண்டியிருந்தது. 1891ல் வேலையைத் தொடங்கிய கம்பெனி முடிக்காமலேயே கலைந்து, வேறொரு கம்பெனி வந்து, 1899 ஜூனில்தான் குன்னூருக்கு ரயில் போனது. ஊட்டிக்கு 1908ல்.

இன்று கல்லாறும் அடர்லியும் பயணிகள் ஏறி இறங்கும் நிலையங்களாக இல்லை. ஹில்குரோவில் வண்டி நிற்பதால் அங்கே மட்டும் ஆள் நடமாட்டம். சரி, டிக்கெட் விற்காததால் ஒரு நிலையத்துக்கு வரலாறே இல்லாமல் போய்விடுமா? 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியம் என்று அறிவித்தது ஊட்டி நிலையத்தை மட்டும் அல்ல, இந்தப் பாதை முழுவதையும்.

நான் கேட்பது இரண்டுதான். ரயிலில் உட்கார்ந்தபடியே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில், தமிழில், கல்லாற்றின் கதையைச் சொல்லும் பலகை ஒன்று அங்கே வேண்டும். அப்புறம், கொட்டும் மழையில் விழுந்த பாறையை அகற்றி இந்தப் பாதையைக் காப்பாற்றிவரும் கேங்மேன்களிடம் போய்ப் பேசி, உங்கள் நாளிதழ் ஒரு தொடர் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
மலை ரயிலை நேசிக்கும் வாசகர்