நெய்வேலி நகரியத்தின் பழைய தொழிற்பொருட்களை ஸ்கிராப் ஏலத்துக்கு முன்பே பிரித்தெடுத்துப் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நெய்வேலி சுரங்கம், அனல்மின் நிலையம், பணிமனைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் மற்றும் நகரிய மக்கள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: பழைய இயந்திர பாகங்கள், வரைபடங்கள், பதிவேடுகளை ஏலத்துக்கு முன் ஆய்வு செய்து அருங்காட்சியகப் பொருட்களாக ஒதுக்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

1935-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் போட்ட ஆழ்துளையில் தண்ணீரோடு கறுப்பாக வந்த பொருளில், அதாவது பழுப்பு நிலக்கரியில்தான், இந்த ஊரின் கதை தொடங்குகிறது. 1956-இல் அதை வெட்டியெடுக்க நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) பதிவானது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியது. 1962-இல் சோவியத் உதவியுடன் அமைந்த முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. 600 மெகாவாட் திறன் கொண்ட அந்த நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. பழுப்பு நிலக்கரியிலிருந்து 'லெகோ' என்ற எரிபொருள் கரிக்கட்டி தயாரித்த ஆலையும் உர ஆலையும் அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டன.

வயது முடிந்த இயந்திரம் ஸ்கிராப் யார்டுக்குப் போகும். அங்கே 'லாட்' எனப்படும் ஏலத் தொகுதிகளாகப் பிரித்து, எண் போட்டு, மின்னணு ஏலத்துக்கு விடுவார்கள். ஏலம் முடிந்துவிட்டால் லாட்டிலிருந்து ஒரு போல்ட்டைக்கூடத் திரும்பக் கேட்க முடியாது. அது வாங்கியவரின் சொத்து. எனவே எங்கள் முதன்மைக் கோரிக்கை அருங்காட்சியகக் கட்டடம் அல்ல. லாட் பிரிப்பதற்கு முன் ஒரு கூட்டு ஆய்வு வேண்டும். கடலூர் அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர், நிறுவனப் பொறியாளர் ஒருவர், அந்தப் பிரிவில் வேலை பார்த்த மூத்த பணியாளர் இருவர் இருந்தால் போதும். தேர்ந்தெடுக்கும் பொருளில் கம்பியால் ஒரு தகடு கட்டி, 'ஏலத்துக்கு அல்ல' என்று எழுதி, கழற்றுவதற்கு முன்பே இருந்த இடத்திலேயே நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும். கழற்றிய வால்வு எந்தக் குழாயில் இருந்தது என்பதை அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

எதை எடுப்பது? பெரிய சக்கரத்தில் பொருத்திய வாளிகளால் மண்ணை வெட்டும் பக்கெட் வீல் இயந்திரம் முழுவதையும் காப்பாற்ற முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு வாளி போதும். அதோடு வாளியின் விளிம்பில் பொருத்தும் ஒரு புதிய பல்லும் ஒரு தேய்ந்த பல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். நெய்வேலியின் மேல்மண் சாதாரண மண் அல்ல, கடலூர் மணற்கல். அதிலுள்ள குவார்ட்ஸ் மணல் எஃகை அரம்போல் ராவிவிடும். கூர்முனை மழுங்கி, கட்டைவிரல்போல் உருண்டுபோன ஒரு பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாலே, பாறையை முதலில் வெடிவைத்துத் தளர்த்திய பிறகே வாளியை இறக்கியது ஏன் என்று புரிந்துவிடும். பழுப்பு நிலக்கரிக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீரை இறைத்த பம்பு ஒன்றும் கட்டாயம் வேண்டும். அந்த நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் சுரங்கத்தின் அடித்தளம் நிலைத்திருக்காது. ரஷ்ய எழுத்துப் பொறித்த பெயர்த்தகடுகளும் அளவுமானிகளும் சிறியவை. முதலில் காணாமல் போவதும் அவைதான்.

இரும்பை மணல் வீசித் தேய்த்து, எனாமல் பூசி, மேலே வெள்ளிப் பெயிண்ட் அடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. தயவுசெய்து வேண்டாம். அப்படிச் செய்தால் வார்ப்பு எண்ணும் பழைய பெயிண்டும் தேய்மானத் தடமும் ஒரே நாளில் அழிந்துவிடும். உதிரும் துருவை மட்டும் தூரிகையால் நீக்கி, உலர்த்தி, மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தால் போதும். கடலூரில் கடற்காற்றின் உப்பு துருவை விரைவுபடுத்தும் என்பதால், பெரிய இரும்புப் பொருட்கள் நெய்வேலியிலேயே கூரைக்கடியில் இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

நிலக்கரிக் கட்டிதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. வெட்டியெடுத்தபோது அதன் எடையில் ஏறத்தாழ பாதி நீர். கண்ணாடிப் பெட்டியில் அப்படியே வைத்தால் சில வாரங்களில் சுருங்கி, வெடித்து, தூளாகிவிடும். மர வரி தெரியும் ஒரு கட்டியை வெட்டிய அன்றே ஈரச் சாக்கில் சுற்றி, பாலித்தீனில் கட்டிக் கொண்டுவர வேண்டும். நீரில் ஊறிய பழைய மரத்தைக் காப்பதுபோல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற, நீரில் கரையும் மெழுகு போன்ற பொருளின் கரைசலில் ஊறவைத்து, செறிவைப் படிப்படியாக ஏற்றி, பிறகு மெதுவாக உலர்த்தலாம். முதலில் ஒரு சிறு துண்டில் சோதித்த பிறகே பெரிய கட்டியைத் தொட வேண்டும். நிலக்கரியைக் குவியலாகக் கொட்டிக் காட்சி வைக்கக் கூடாது. காற்றை உறிஞ்சித் தானே சூடாகிப் புகையும்.

காகிதங்களுக்கு லேமினேஷனும் செல்லோடேப்பும் கூடாது. அம்மோனியா பிரிண்ட் முறையில் நகலெடுத்த பழைய வரைபடங்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால், அவற்றை முதலில் ஸ்கேன் செய்து, பிறகு தட்டையாக இருட்டறையில் வைக்க வேண்டும். ஷிப்ட் பதிவேடுகளும் நகரிய பிளாக்குகளின் மனை வரைபடங்களும் மட்டுமல்லாமல், நிலம் கொடுத்த கிராமங்களின் கையகப்படுத்தல் ஆவணங்களின் நகல்களும் இதில் சேர வேண்டும். அந்தக் கிராமங்கள் இல்லாத அருங்காட்சியகம் நிறுவன விளம்பரமாகவே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை: பழைய கொதிகலன் உறைகளில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) சில மானிகளில் பாதரசமும் இருக்கக்கூடும். சோதித்துப் பார்க்காமல் எதையும் கழற்றவோ, பள்ளி மாணவர்கள் தொடும்படி வைக்கவோ கூடாது.

எனவே, அடுத்த ஏலப் பட்டியல் இறுதியாகும் முன் கூட்டு ஆய்வுக்கு உத்தரவிடவும், ஒதுக்கும் பொருட்களை வைக்கப் பூட்டும் வசதியுள்ள, ஒழுகாத பழைய பணிமனைக் கூடம் ஒன்றை நிறுவனத்திடம் கேட்டுப் பெறவும் பணிவுடன் வேண்டுகிறோம். பாகங்களை அடையாளம் காட்டவும், பழைய படங்களில் இருப்பதைச் சொல்லவும் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். ஆய்வு நாளை ஒரு வாரம் முன்பாகத் தெரிவித்தால் அந்தந்தப் பிரிவின் ஆட்களோடு வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

இணைப்பு: கையொப்பப் படிவங்கள், பாதுகாக்க வேண்டிய பொருட்களின் முதற்கட்டப் பட்டியல்.