பிள்ளைகளை வாயசைக்க வைக்காதீர்கள்

கோடை நாடகப் பயிற்சி முகாமை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். நான்கு வாரப் பயிற்சியை ஏழு நாளாகக் குறைத்து, ஒரு பயிற்றுநருக்கு நாற்பது பிள்ளைகள் என்று வைத்திருக்கிறீர்கள். அதற்கான நெருக்கடிகள் எங்களுக்கும் தெரியும். ஆனால் நிறைவு நாடகத்தின் வசனங்களை முன்னதாகவே ஒலிப்பதிவு செய்துவிடலாம், பிள்ளைகள் வாயசைத்தால் போதும் என்ற முடிவுக்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த முடிவைத் தயவுசெய்து கைவிடுங்கள். நான்கு வாரங்களையும், பயிற்றுநருக்குப் பதினைந்து பேர் என்ற அளவையும் மீண்டும் கொண்டுவாருங்கள்.

ஒலிப்பதிவில் நடக்கப்போவது இதுதான். நேரமில்லாததால், தடுமாறாமல் உரக்கப் பேசும் நாலைந்து பேரின் குரலே எல்லாப் பாத்திரங்களுக்கும் பதிவாகும். மெல்லிய குரல்காரியும் திக்கிப் பேசும் பையனும் இன்னொருவர் குரலுக்கு வாயசைப்பார்கள். கூச்சம் போகட்டும் என்று சேர்க்கப்பட்ட பிள்ளையிடம், உன் குரல் மேடைக்கு ஆகாது என்று பெற்றோர் முன்னிலையில் நாமே சொல்வதாக ஆகும். மேடையில் ஒருவர் தாமதமாக நுழைந்தாலும் பதிவு நிற்காது. தடுமாறும் பிள்ளைக்கு அடி எடுத்துக்கொடுக்க உடன் நடிப்பவருக்கும் வழியில்லை.

அமெரிக்க நாடகப் பயிற்றுநர் வயலா ஸ்போலின் 1930களில் சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளோடு பணியாற்றி நாடக விளையாட்டுகளை உருவாக்கினார். கவனம் முழுக்க விளையாட்டின் சவாலில் இருக்கும்போது, பிறர் பார்க்கிறார்களே என்ற பயம் தளர்கிறது. அந்தத் தளர்வு ஏழு நாளில் வராது.

முதல் வாரத்தில் யாரையும் தனியாக நிறுத்தக் கூடாது. வட்டமாக நின்று பெயரோடு ஓர் அசைவு, அதை எல்லோரும் திருப்பிச் செய்வது, பிறகு இருவர் இருவராக எதிரெதிரே நின்று, ஒருவர் அசைவை மற்றவர் பிம்பம்போல் அப்படியே செய்யும் கண்ணாடிப் பயிற்சி. நாற்பது பேர் வட்டத்தில் ஒரு சுற்று முடிவதற்குள் பாதிப்பேர் கவனம் கலைந்துவிடும். ‘சத்தமாகப் பேசு’ என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் தொண்டையால் கத்துவார்கள், குரல் கம்மிவிடும். வயிற்றில் கைவைத்து மூச்சைக் கவனிக்கவும், ‘ம்’ என்று நீட்டி முனகவும் முதலில் பழக வேண்டும். இரண்டாம் வாரம் இணைகள் எதிரெதிரே நின்று பேசியபடியே ஓரோர் அடியாகப் பின்வாங்கி, சுவர்வரை போகலாம். குரல் எங்கே உடைகிறதோ அங்கே நிறுத்தி, மூச்சைச் சரிசெய்து தொடர வேண்டும். மூன்றாம் வாரம்தான் காட்சிகள், அதுவும் முடிந்தவரை அவர்களுடைய சொற்களில். கடைசி வாரத்தில் அரங்கிலேயே இரண்டு ஒத்திகைகளாவது தேவை. விளக்கொளி கண்ணில் அடித்து, எதிரே இருட்டு மட்டும் தெரியும்போது தேர்ந்த பிள்ளைகூட முதல்முறை உறைந்து நிற்கும்.

விருந்தினர் உரைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிறது. பிள்ளைகள் மேடையைப் பழக அரை மணி நேரம் இல்லை. விளையாட்டுப் பயிற்சி என்றால் மாதக்கணக்கில் பொறுத்திருப்பவர்கள், நாடகம் என்றதும் கடைசி நாள் புகைப்படத்தை மட்டும் கேட்கிறார்கள். கடுமையாக எழுதிவிட்டோம், பொறுத்தருளுங்கள்.

பணம்தான் தடையென்றால் உடை, அரங்க அமைப்பு, ஒலிபெருக்கி மூன்றையும் விட்டுவிடலாம். பயிற்சிக்கூடத்திலேயே நாற்பது நாற்காலி போட்டு நடத்துங்கள். அங்கே ஒலிபெருக்கி இல்லாமலே பேச்சு கேட்கும். பயிற்றுநர் பற்றாக்குறை என்றால் காலை, மாலை என இரு பிரிவுகளாகப் பிரிக்கலாம். எப்படியானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தக் குரலில் பேச நாலு வரியாவது இருக்கட்டும்.

சேர்க்கை தொடங்குமுன் நான்கு வாரங்களையும் திருப்பித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நாடகப் பயிற்றுநர்கள்