கோளாறைக் கண்டுபிடிக்கவும் கூலி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கும் தர்மபுரி வாசகர் ஒருவரின் கடிதத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். சிக்னலில் நின்றால் வண்டி உதறுகிறது, ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது, பிளக் மாற்றியாயிற்று, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் நான்கு காயிலும் மாற்றியாயிற்று, ஏர் மாஸ் சென்சாரும் புதிது, உதறல் மட்டும் போகவில்லை, இப்போது டர்போவையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார். மெக்கானிக் என்றாலே ஏமாற்றுக்காரன்தான் என்று முடித்திருந்தார். கிருஷ்ணகிரி இராயக்கோட்டை சாலையில் கார் பட்டறை வைத்திருப்பவன் நான். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அதில் பாதி, வண்டி வைத்திருப்பவர்கள் மேலும் விழ வேண்டியது.

முதலில் டர்போ. ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, அதற்குப் பெரிதாக வேலையே கிடையாது. புகை வேகமாக வந்து தள்ளினால்தான் டர்போ சுழன்று காற்றை அழுத்தும். நிற்கிற வண்டியில் 800 ஆர்பிஎம்மில் வரும் புகை அதற்குப் போதாது. ஓடும்போது நன்றாக இழுக்கிறது, நின்றால் மட்டும் உதறுகிறது என்றால் டர்போவைக் கழற்ற முகாந்திரமே இல்லை.

நான் முதலில் சந்தேகப்படுவது ஓஸ் பைப்புகளைத்தான். ஐட்லிங்கில், காற்றை உள்ளே விடும் கதவான திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், பிஸ்டன்கள் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்குள் வேக்குவம், அதாவது வெளிக்காற்றை இழுக்கும் வெற்றிடம். உள்ளே போகும் காற்றை ஃபில்டரை அடுத்துள்ள ஏர் மாஸ் சென்சார் அளந்து சொல்ல, அதற்கேற்ப கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது. சென்சாரைத் தாண்டி எங்காவது ஒரு பைப் வெடித்திருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். கலவையில் பெட்ரோல் குறையும், சிலிண்டரில் சரியாக எரியாமல் மிஸ் ஆகும், உதறும். திராட்டில் திறந்து காற்று ஏராளமாகப் போகும்போது இந்தத் திருட்டுக் காற்று ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் ஓடும்போது தெரிவதில்லை.

நம் பக்கம் டர்போ என்றாலே டீசல் என்றுதான் நினைப்பார்கள். டீசல் இன்ஜின் இப்படி திராட்டிலை மூடி ஓடுவதில்லை, வேக்குவத்துக்குத் தனி பம்ப் வைத்திருப்பார்கள். அதில் வேக்குவம் பைப் போனால் பிரேக் பெடல் கட்டை மாதிரி இறுகும், பல வண்டிகளில் டர்போவும் வேலை செய்யாது. ஐட்லிங் உதறினால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் என்று தேட வேண்டும். டீசலில் மட்டுமே பழகியவரிடம் பெட்ரோல் டர்போவைக் கொடுத்தால் அவர் முதலில் கை வைக்கிற இடமே வேறாகத்தான் இருக்கும். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டிக்காரர் ஒருவர், பெங்களூருவிலிருந்து வாங்கிய 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் காரை இதே கோளாறோடு கொண்டுவந்தார். ஏற்கெனவே இரண்டு பட்டறை பார்த்த வண்டி. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறு எண் இருந்தது. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அதற்கு அர்த்தம். எந்தப் பாகம் போயிற்று என்று அது சொல்லாது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அந்த எண்ணைப் பார்த்தவுடன் சென்சார் வாங்க ஆள் அனுப்பிவிடுவார்கள்.

அந்த எண்ணை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஃபியூயல் ட்ரிம். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது அதில் தெரியும். ஐந்துக்குள் இருந்தால் பேச்சே இல்லை. பத்தைத் தாண்டினால் தேட வேண்டும். மண்டிக்காரர் வண்டியில் ஐட்லிங்கில் கூட்டல் 19. அப்படியே ஆக்ஸிலரேட்டரைப் பிடித்து 2,500 ஆர்பிஎம்மில் வைத்தால் கூட்டல் 5-க்கு இறங்கியது. நின்றால் அதிகம், ஓடினால் குறைவு என்றால் வெளிக்காற்று பிடிக்கிறது என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம். இதற்குத் தலைகீழாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து லோடு ஏற ஏறக் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஏர் மாஸ் சென்சார் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறதே, அதற்கும் பழைய வண்டிகளில் ட்ரிம் சில சதவீதம் கூடும். ஆனால் அது ஐட்லிங்கிலும் ஓட்டத்திலும் ஒரே மாதிரி கூடும். இதைத் தெரியாமல் லீக் என்று தேடித் தேடி ஓய்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வேக்குவம் கேஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஆயிரம் அடி உயரத்துக்கு சுமார் ஒரு இஞ்ச் ரீடிங் குறையும். ஓசூர் கிட்டத்தட்ட 2,900 அடி. சென்னையில் 20 காட்டிய வண்டி ஓசூரில் 17 காட்டினால் வண்டி கெட்டுப்போகவில்லை, ஊர் மேடு.

சரி, ஓட்டை எங்கே? அதற்குத்தான் புகை டெஸ்ட். பெயின்ட் டப்பா, பழைய டீசல் வண்டியின் ஹீட்டர் பிளக், மினரல் ஆயில் வைத்து நானே செய்த மிஷின்தான் என்னிடம் இருக்கிறது. இன்ஜினை ஆஃப் செய்து, ஏர் ஃபில்டர் பக்கத்தை அடைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில், ஒரு பிஎஸ்ஐ-க்கும் கீழே, புகையை உள்ளே விட வேண்டும். கம்ப்ரெசர் காற்றை அப்படியே திறந்துவிட்டால் நல்லாயிருக்கும் சீலும் போய்விடும். மண்டிக்காரர் வண்டியில் மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திருப்பி உறிஞ்சும் பைப் அது. ஆயில் ஆவியிலும் சூட்டிலும் வெந்து, கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி உடைந்தது. மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இடம். பக்கத்தில் இருந்த ஒன்வே வால்வும் போயிருந்தது. டர்போ வண்டியில் இந்த வால்வு முக்கியம். டர்போ அழுத்தும்போது அந்தக் காற்று இன்ஜினின் அடிவயிற்றுக்குள் போகாமல் தடுப்பது இதுதான். இது போனால் நாளடைவில் ஆயில் சீல் கசியும். பைப்பும் வால்வும் சேர்த்து, அவர் அதற்கு முன் வாங்கிய காயில் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆயிற்று.

டர்போ வண்டியில் ஓட்டை இருக்கும் இடத்தைப் பொறுத்துக் குணமும் மாறும். மேனிஃபோல்டில் இருந்தால் நிற்கும்போது வெளிக்காற்றை இழுக்கும், மேடு ஏறும்போது அழுத்திய காற்றை வெளியே விடும். உதறலும் வரும், இழுவையும் குறையும். டர்போவுக்கும் திராட்டிலுக்கும் நடுவில் உள்ள பைப்பில் இருந்தால் ஐட்லிங் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில்தான் இழுவை இல்லாதது தெரியும். முள் ஆடாமல் அப்படியே நிற்கிறது, ஸ்டியரிங் மட்டும் நடுங்குகிறது என்றால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டைப் பாருங்கள். இந்தப் பேச்சு எதுவும் அதற்குப் பொருந்தாது.

கார்ப் கிளீனரை ஸ்பிரே பண்ணி, ஐட்லிங் மாறுகிறதா என்று பார்ப்பது பழைய வழி. கார்புரேட்டர் காலத்தில் சரி. சூடான டர்போ பக்கத்தில் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு பெட்ரோல் பைப் பக்கத்தில் குனிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் குலதெய்வம் காப்பாற்றுகிறது போல.

பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்குப் போகும் தடித்த பைப்பை மறக்கக் கூடாது. அதுவும் மேனிஃபோல்டிலிருந்து வருவதுதான். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது பிரேக்கைக் கட்டையாகும் வரை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றாலோ, மிதிக்கும்போது உஸ் என்று சத்தம் வந்து ஐட்லிங் மாறினாலோ, அந்த வண்டியை எடுத்துக்கொண்டு தொப்பூர் இறக்கத்தில் போகாதீர்கள். சேலம் வேலை நாளைக்கும் இருக்கும்.

இனி என் வழக்கு. மண்டிக்காரருக்கு ஓட்டையைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. முன்கூட்டியே 800 ரூபாய் சொன்னபோது அவர் கேட்டது: “ஏன் தம்பி, வண்டியில ஒண்ணுமே மாட்டாம காசு கேக்கறியே?” அவர் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை அது. போர் போடும் முன் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவருக்குத் தட்சணை கொடுக்கிறோம். தண்ணீர் வராவிட்டாலும் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் மெக்கானிக் தேடிய நேரத்துக்கு மட்டும் விலை இல்லை. காயில் மாட்டினால் காயிலுக்கும் காசு, மாட்டிய கூலியும் காசு. அரை நாள் குனிந்து தேடினால் ஒரு டீ. அப்புறம் எந்தப் பட்டறையில் தேடுவார்கள்? பாகத்தை மாற்றித்தான் பார்ப்பார்கள். ஐடிஐ முடித்து வரும் பையன்களும் அதையேதான் கற்றுக்கொள்கிறார்கள், அதில்தான் சம்பளம் வருகிறது.

எங்கள் ஆட்களிலும் தெரிந்தே வேண்டாத பாகத்தை மாட்டுபவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் தேடும் கூலியைப் பில்லில் தனி வரியாக எழுதுகிறேன். கோளாறு கிடைக்காவிட்டால் அதை வாங்குவதில்லை. மாற்றிய பழைய பாகத்தை டிக்கியில் வைத்தே அனுப்புகிறேன். மற்ற பட்டறைக்காரர்களும் இப்படிச் செய்தால் சண்டை குறையும்.

தர்மபுரி வாசகருக்கு ஒன்று. ஸ்கேனரை மாட்டியவுடன் எரேஸ் அழுத்துபவரிடம் வண்டியை விடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் பல வண்டிகளில் இதே கதைதான், கம்ப்யூட்டர் இத்தனை நாள் சேர்த்து வைத்த ட்ரிம் கணக்கு அழிந்துபோகும். அழிப்பதற்கு முன் ஐட்லிங்கில் ஒன்று, 2,500-இல் ஒன்று என்று அந்தத் திரையை உங்கள் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பட்டறைக்குப் போக நேர்ந்தால், வண்டியைக் காட்டுவதற்கு முன் அந்த இரண்டு படங்களைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்,
இராயக்கோட்டை சாலை, கிருஷ்ணகிரி.